சிவப்பு எழுத்தில் 'பாதுகாப்புக் குறைபாடு' என்று வந்தால் பதற வேண்டுமா? போஸ்ட்சிஎஸ்எஸ் அப்டேட் விவகாரம்: எளிய விளக்கம்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலைத்தேனும் சாமை அரிசியும் விற்க, தன் ஊர்க்காரர்களுக்காக ஒரு சின்ன இணையதளம் செய்கிறார். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து, போன் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பில் தேவையான மென்பொருள்களை இறக்குகிறார். எல்லாம் இறங்கி முடிந்ததும் திரையில் ஒரு எச்சரிக்கை: '8 பாதுகாப்புக் குறைபாடுகள் உள்ளன'. அந்தப் பட்டியலில் அவர் கேள்வியே பட்டிராத ஒரு பெயர், போஸ்ட்சிஎஸ்எஸ்.

அவருக்கு மூன்று கேள்விகள் வரும். நம்ம தளத்தை யாராவது ஹேக் பண்ணிடுவாங்களா? தேன் வாங்க வருகிற வாடிக்கையாளரின் பணத்துக்கு ஆபத்தா? கீழே 'இதை ஓட்டினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று ஒரு கட்டளை வந்திருக்கிறதே, அதைக் கொடுத்துவிடலாமா?

மூன்றுக்கும் பதில் இருக்கு. அதிலும் மூன்றாவது கேள்விக்கான பதில் பலர் நினைப்பதற்கு நேர் எதிரானது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போஸ்ட்சிஎஸ்எஸ் என்றால் என்ன?

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் தலைப்பு பெரிதாக இருக்கிறது, வரிகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறது, பட்டனுக்கு ஒரு நிறம் இருக்கிறது. இந்த ஒப்பனை முழுவதையும் முடிவு செய்வது சிஎஸ்எஸ் என்ற மொழி. 'ஸ்டைல்ஷீட்' என்பார்கள்.

இந்த ஸ்டைல்ஷீட்டை ஒரு டெவலப்பர் எழுதியபடியே தளத்தில் ஏற்றுவது இப்போது குறைவு. பழைய போன், புதிய போன், வெவ்வேறு பிரவுசர் என்று எல்லாவற்றிலும் ஒழுங்காகத் தெரிய, அதில் சில மாற்றங்கள் செய்ய வேண்டும். தேவையில்லாத இடைவெளிகளை நீக்கி அளவைக் குறைக்க வேண்டும். கையால் செய்தால் நாள் கணக்கில் ஆகிற இந்த வேலையைச் சில நொடிகளில் முடிக்கும் கருவிதான் போஸ்ட்சிஎஸ்எஸ்.

இது வேலை செய்யும் விதம் எளிது. முதலில் ஸ்டைல்ஷீட்டைப் படித்து, துண்டு துண்டாகப் பிரிக்கும். பிரித்த துண்டுகளை 'பிளக்-இன்' எனப்படும் துணைக் கருவிகளிடம் கொடுக்கும். அவை மாற்ற வேண்டியதை மாற்றும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கோத்து, இறுதி ஸ்டைல்ஷீட்டாக வெளியே தரும்.

2013-ல் ஆண்ட்ரே சிட்னிக் என்ற புரோகிராமர் தொடங்கியது இது. திறந்த மூல மென்பொருள் என்பதால் யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம். விக்கிப்பீடியா முதல் அலிபாபா வரை இதைப் பயன்படுத்துகிறார்கள். என்பிஎம் என்ற மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வாரத்துக்குப் பல கோடி முறை இது இறக்கப்படுகிறது.

இத்தனைக்கும் பெரும்பாலானோர் இதைத் தேடிப் போய் இறக்குவதில்லை. வேறு ஏதோ ஒரு கருவியை இறக்கும்போது அதன் கூடவே வந்துவிடும். நம் மாணவிக்கு நடந்ததும் அதுதான்.

சரி, என்ன குறைபாடு கண்டுபிடித்தார்கள்?

மென்பொருளில் பாதுகாப்புக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கு 'சிவிஇ' என்ற எண் கொடுப்பார்கள். வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. உலகத்தில் யார் பேசினாலும் ஒரே குறையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிய வேண்டும் இல்லையா? போஸ்ட்சிஎஸ்எஸ் விஷயத்தில் அதிகம் பேசப்பட்ட குறைகள் மூன்று.

முதல் இரண்டும் 2021 ஏப்ரலில் வெளியானவை: சிவிஇ-2021-23368, சிவிஇ-2021-23382. இரண்டும் ஒரே வகை.

ஒரு பெரிய உரைக்குள் குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் இருக்கும் சொற்களைத் தேட, புரோகிராமர்கள் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்ற தேடல் விதியை எழுதுவார்கள். விதி சரியாக எழுதப்படாவிட்டால் ஒரு சிக்கல் வரும். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் போகிறீர்கள். ஒவ்வொரு பத்தடிக்கும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பக்கம் போய்ப் பார்த்து, வழி இல்லை என்றால் திரும்பி வந்து அடுத்த பக்கம் போகணும். நாலு பிரிவு இருந்தால் பரவாயில்லை. ஆயிரம் பிரிவு இருந்தால் பொழுது சாய்ந்தாலும் ஊர் போய்ச் சேர முடியாது. கம்ப்யூட்டரும் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும்.

போஸ்ட்சிஎஸ்எஸ் ஒவ்வொரு ஸ்டைல்ஷீட்டிலும் 'இதன் மூலக் கோப்பு எங்கே இருக்கிறது' என்று சொல்லும் ஒரு குறிப்பைத் தேடும். அந்தத் தேடல் விதியில்தான் ஓட்டை. யாராவது வேண்டுமென்றே திரித்து எழுதிய உரையைக் கொடுத்தால், கருவி அதிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். தகவல் திருடுபோகாது. ஆனால் வேலை நின்றுவிடும்.

'இதெல்லாம் நிஜத்துல நடக்குமா?' என்று கேட்கலாம். வேறு இடங்களில் நடந்திருக்கிறது. 2016 ஜூலை 20 அன்று புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. காரணம், ஒரு பதிவில் தொடர்ச்சியாக இருந்த சுமார் 20,000 வெற்று இடைவெளிகள். அவற்றைச் சரிபார்க்க, தேடல் விதி சுமார் 20 கோடி முறை சுற்றியது. 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் இதே மாதிரி ஒரு விதி போட்டதில், உலகம் முழுக்க ஏராளமான தளங்கள் சுமார் அரை மணி நேரம் திறக்கவில்லை. இரண்டிலும் ஹேக்கர் என்று யாருமே இல்லை என்பதுதான் விசேஷம்.

போஸ்ட்சிஎஸ்எஸ் குழு முதல் குறையை 8.2.10 பதிப்பிலும், இரண்டாவதை 8.2.13 பதிப்பிலும் சரி செய்தது. பழைய 7-ம் வரிசையைப் பயன்படுத்துவோருக்காக 7.0.36 என்று தனியாக ஒரு பதிப்பும் வந்தது.

ஒரு எழுத்தால் வந்த மூன்றாவது சிக்கல்

மூன்றாவது குறை, 2023 செப்டம்பர் இறுதியில் வெளியான சிவிஇ-2023-44270. இது கொஞ்சம் சுவாரஸ்யமானது.

பள்ளியில் 'பொதுமொழி' படித்தது ஞாபகம் இருக்கா? 'பலகை' என்று சேர்த்துப் படித்தால் ஒரு பொருள். 'பல கை' என்று பிரித்துப் படித்தால் வேறு பொருள். எழுத்துகள் அதேதான், பிரிக்கிற இடம்தான் வேறு. போஸ்ட்சிஎஸ்எஸ்-ஸின் முதல் வேலையே பிரிப்பது என்று பார்த்தோம். அந்த இடத்தில்தான் தவறு நடந்தது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போனவர்களுக்குத் தெரியும். ஒரு வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளி, காகிதம் இருக்கும் உருளையை மறுபடி வரித் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்குப் பெயர் 'கேரேஜ் ரிட்டர்ன்'. கம்ப்யூட்டரிலும் அதே பெயரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து இன்றுவரை இருக்கிறது. வரி முடிந்தது என்று சொல்ல இன்னொரு எழுத்தும் இருக்கிறது. போஸ்ட்சிஎஸ்எஸ் ஓர் இடத்தில் இரண்டாவதை மட்டும் கவனித்தது, கேரேஜ் ரிட்டர்னைக் கவனிக்கத் தவறியது.

விளைவு? ஸ்டைல்ஷீட்டில் 'இது வெறும் குறிப்பு, செயல்படுத்த வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் ஒருவர் தந்திரமாக எதையாவது எழுதி வைத்தால், அது குறிப்பு என்ற நிலையிலிருந்து தப்பி, உண்மையான கட்டளையாக வெளியே வந்துவிடும். வெளியாட்கள் தரும் ஸ்டைல்ஷீட்டைப் பரிசோதிக்க போஸ்ட்சிஎஸ்எஸ்-ஸை நம்பும் கருவிகளுக்கு இது ஆபத்து. 8.4.31 பதிப்பில் இது சரி செய்யப்பட்டது. திருத்தத்தின் மையம், அந்த விடுபட்ட எழுத்தைத் தேடல் விதியில் சேர்த்ததுதான்.

மூன்று குறைகளுக்குமே கிட்ஹப் தளத்தின் பட்டியலில் தீவிரம் 'மிதமானது' என்றே போடப்பட்டிருக்கிறது.

தேன் வாங்குகிறவருக்கு ஆபத்தா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம்.

போஸ்ட்சிஎஸ்எஸ் ஓடுவது மாணவியின் லேப்டாப்பில். தளத்தைத் தயார் செய்யும்போது ஒருமுறை ஓடி, இறுதி ஸ்டைல்ஷீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். வாடிக்கையாளரின் போனுக்குப் போவது அந்த இறுதிக் கோப்பு மட்டும்தான். வீட்டில் மாவு அரைத்த கிரைண்டரில் கோளாறு என்றால், இட்லி வாங்குகிறவரின் வீட்டு மின்சாரத்துக்கு ஒன்றும் ஆகாது. அது மாதிரி.

அதோடு, இந்த மூன்று குறைகளும் வேலை செய்ய வேண்டுமென்றால், யாரோ ஒரு வெளியாள் திரித்து எழுதிய ஸ்டைல்ஷீட் உள்ளே வர வேண்டும். மாணவி தன் ஸ்டைல்ஷீட்டைத் தானே எழுதுகிறார். தன் லேப்டாப்பைத் தானே முடக்க அவர் முயலப்போவதில்லை.

அப்போ யாருக்குத்தான் ஆபத்து? பயனர்களே தங்கள் பக்கத்தின் நிறத்தையும் வடிவத்தையும் எழுதி மாற்றிக்கொள்ள இடம் தரும் தளங்கள், ஆன்லைனில் கோடு எழுதிப் பார்க்கும் தளங்கள், அடுத்தவரின் ஸ்டைல்ஷீட்டைச் சோதிக்கும் சேவைகள். இவற்றின் சர்வரில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால் உடனே மாற்ற வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.

எச்சரிக்கைக் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மணி அடிக்கும். இதைத்தான் ரியாக்ட் குழுவில் இருந்த டான் அப்ரமோவ் 2021 ஜூலையில் ஒரு கட்டுரையில் கடுமையாக விமர்சித்தார். பொருத்தமில்லாத எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தால், நிஜமான எச்சரிக்கை வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதே அவர் கவலை. 'புலி வருது' கதைதான்.

அந்தக் கட்டளையைக் கொடுக்கலாமா?

எச்சரிக்கையின் கீழேயே ஒரு தீர்வும் வரும்: 'என்பிஎம் ஆடிட் ஃபிக்ஸ்', அதோடு 'ஃபோர்ஸ்' என்ற சொல். அதாவது 'எப்படியாவது சரி பண்ணு'. புதிதாகக் கற்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அதைப் புரிந்துகொள்ள பதிப்பு எண்ணைப் படிக்கத் தெரியணும். 8.4.31-ஐ எடுத்துக்கொள்வோம். கடைசி எண் மாறினால் சின்னத் திருத்தம், பயமில்லாமல் மாற்றலாம். நடு எண் மாறினால் புதிய வசதி வந்திருக்கிறது, பழையதும் வேலை செய்யும். முதல் எண் மாறினால் பழைய முறையில் சில நின்றுபோயிருக்கும், உங்கள் பக்கத்திலும் மாற்றம் செய்தாக வேண்டும்.

போஸ்ட்சிஎஸ்எஸ் 2020 செப்டம்பரில் 7-லிருந்து 8-க்குப் போனபோது இதுதான் நடந்தது. பிளக்-இன் எழுதும் முறையே மாறியது. பல பிளக்-இன்கள் உடனே மாறவில்லை. 'இந்த பிளக்-இன்னுக்கு போஸ்ட்சிஎஸ்எஸ் 8 தேவை' என்ற பிழைச்செய்தியைப் பார்த்துப் பார்த்து அந்த வருடம் டெவலப்பர்கள் அலுத்துப்போனார்கள். டெயில்விண்ட் என்ற பிரபலமான கருவி, 7-லேயே நிற்பவர்களுக்காகத் தனியாக ஒரு பதிப்பே வெளியிட வேண்டியதாயிற்று.

இப்போது 'ஃபோர்ஸ்' கொடுத்தால் என்ன ஆகும்? எச்சரிக்கை மறைந்தால் போதும் என்று, முதல் எண்ணையே மாற்றிவிடும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ரியாக்ட் கற்பவர்கள் பல வருடங்களாகப் பயன்படுத்திய 'கிரியேட் ரியாக்ட் ஆப்' கருவியின் 5-ம் பதிப்பு, ஒரு சுற்றுவழியில் பழைய போஸ்ட்சிஎஸ்எஸ் 7-ஐக் கூடவே கொண்டுவரும். 2023-ல் வந்த திருத்தமோ 8-ம் வரிசைக்கு உரியது. எனவே எச்சரிக்கை போகவே போகாது. அங்கே 'ஃபோர்ஸ்' கொடுத்தால், கருவியை 5-லிருந்து 3-க்குப் பின்னோக்கித் தள்ளிவிடும்! சரி செய்யப் போய் இன்னும் பழசுக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த தளமும் நின்றுபோன அனுபவம் பலருக்கு உண்டு. அந்தக் கருவியே 2025 பிப்ரவரியில் 'இனி புதிய வேலைகளுக்கு வேண்டாம்' என்று அதிகாரபூர்வமாக ஓய்வு பெற்றுவிட்டது.

எனவே மூன்றாவது கேள்விக்குப் பதில்: யோசிக்காமல் அந்தக் கட்டளையைக் கொடுக்காதீர்கள்.

அப்போ அப்டேட்டே வேண்டாமா?

அப்படியும் இல்லை. இந்த மூன்று குறைகளும் உங்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்பதால் எல்லா எச்சரிக்கையையும் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஏனென்றால் இப்போது தாக்குதல் வேறு வழியில் வருகிறது.

2025 செப்டம்பர் 8 அன்று ஒரு திறந்த மூல மென்பொருள் பராமரிப்பாளருக்கு, என்பிஎம் அனுப்பியது போலவே ஒரு போலி மின்னஞ்சல் வந்தது. அவர் ஏமாந்து விவரங்களைக் கொடுத்தார். அவர் பொறுப்பில் இருந்த 'சாக்', 'டீபக்' உள்ளிட்ட 18 மென்பொருள்களில் விஷம் கலந்த புதிய பதிப்புகள் ஏற்றப்பட்டன. கிரிப்டோ பணப் பரிமாற்றத்தைத் திசைதிருப்புவதே நோக்கம். சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கினார்கள். ஆனால் அந்த இடைவெளியில் அவசரமாக அப்டேட் செய்தவர்கள்தான் மாட்டினார்கள். பழைய பதிப்பில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

அதே வருடம் ஜனவரியில், போஸ்ட்சிஎஸ்எஸ் பெயரோடு 'ஆப்டிமைசர்' என்று ஒட்டு சேர்த்து ஒரு போலி மென்பொருளை என்பிஎம்-மில் யாரோ ஏற்றியிருப்பதை சாக்கெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வட கொரியாவின் லாசரஸ் குழுவோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக அந்த நிறுவனம் சொன்னது. பெயரைப் பார்த்து 'நம்மாளுதான்' என்று இறக்கினால், கடவுச்சொற்களைத் திருடும் நிரல் லேப்டாப்புக்குள் வந்துவிடும். இது போஸ்ட்சிஎஸ்எஸ்-ஸின் குறை இல்லை. அதன் நல்ல பெயரை வைத்து நடந்த மோசடி.

ஆக, பழசிலேயே வருடக்கணக்கில் கிடந்தாலும் ஆபத்து. வந்த நிமிடமே புதுசை இறக்கினாலும் ஆபத்து. நடுவில் நிற்கணும்.

என்ன செய்யலாம்?

1. முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். எதை மாற்றும் முன்னும், இப்போது ஓடுகிற நிலையைச் சேமித்துவிடுங்கள். கிட் பயன்படுத்தினால் ஒரு கமிட் போதும்.

2. யார் கூட்டிவந்தார்கள் என்று பாருங்கள். 'என்பிஎம் எல்எஸ் போஸ்ட்சிஎஸ்எஸ்' என்று கொடுத்தால், எந்தக் கருவி வழியாக எந்தப் பதிப்பு வந்திருக்கிறது என்று காட்டும்.

3. ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'முன்பின் தெரியாதவர் எழுதிய ஸ்டைல்ஷீட் என் கருவிக்குள் வருமா?' வரும் என்றால் இன்றே 8.4.31 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புக்கு மாறுங்கள். வராது என்றால் நிதானமாக மாற்றலாம்.

4. 'ஃபோர்ஸ்' இல்லாமல் சாதாரண அப்டேட் கொடுங்கள். ஏற்கெனவே 8-ம் வரிசையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

5. 7-லேயே மாட்டிக்கொண்டிருந்தால், போஸ்ட்சிஎஸ்எஸ்-ஸை மட்டும் பிடுங்கி மாற்றப் பார்க்காதீர்கள். அதைக் கொண்டுவந்த தாய்க் கருவியை மாற்றுவதுதான் நிரந்தர வழி.

6. 'லாக்' கோப்பை அழிக்காதீர்கள். எந்தெந்தப் பதிப்பில் தளம் ஒழுங்காக ஓடியது என்ற பட்டியல் அது. 'என்பிஎம் சிஐ' கொடுத்தால் அதே பதிப்புகள் மட்டும் இறங்கும். டேட்டா குறைவாக இருக்கும் இடத்தில் 'எதுக்கும் மறுபடி இறக்கிப் பார்ப்போம்' என்ற அலைச்சலும் மிச்சம்.

7. பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒட்டு, கோடு, கூடுதல் எழுத்து இருந்தால் நின்று யோசியுங்கள்.

8. மாற்றிய பிறகு பழைய போனில் திறந்து பாருங்கள். கடையின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் புது போன் வைத்திருப்பதில்லை.

அரசு என்ன சொல்கிறது?

இந்தியாவில் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அமைப்பு செர்ட்-இன். 2022 ஏப்ரல் 28 அன்று அது வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபரில் 'மென்பொருள் உள்ளடக்கப் பட்டியல்' பற்றிய வழிகாட்டுதல்களையும் வெளியிட்டது. ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்தத் துணை மென்பொருள், எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பட்டியல் வைத்திருக்கச் சொல்கிறது அது.

கடையில் வாங்கும் சத்துமாவு பாக்கெட்டின் பின்னால் என்னென்ன கலந்திருக்கிறது என்று போட்டிருக்கும் அல்லவா? அதே யோசனைதான். கேள்வியே பட்டிராத ஒரு மென்பொருளில் ஓட்டை என்று நாளைக்குச் செய்தி வந்தால், 'நம்மகிட்ட அது இருக்கா?' என்று ஐந்து நிமிடத்தில் சொல்லத் தெரிய வேண்டும்.

கடைசியாக...

இந்த மூன்று குறைகளையும் யாரோ படித்துப் பார்த்து, தவறு இருக்கிறது என்று சொன்னார்கள். எழுதியவர்கள் மறைக்காமல் எண் போட்டு, திருத்தி, இலவசமாகவே வெளியிட்டார்கள். குறை வெளியே தெரிவது மென்பொருள் மோசம் என்பதற்கு அடையாளம் இல்லை. யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். பல வருடமாக ஒரு குறையும் வெளிவராமல், ஒரு அப்டேட்டும் வராமல் கிடக்கும் மென்பொருளைப் பார்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஜவ்வாது மலை மாணவிக்கு நாம் சொல்வது இவ்வளவுதான்: சிவப்பு எழுத்தைப் பார்த்துத் தளத்தை மூட வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு 'ஃபோர்ஸ்' போடவும் வேண்டாம். ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, அடுத்த முறை நல்ல சிக்னல் கிடைக்கும்போது நிதானமாக அப்டேட் செய்யுங்கள். தேன் விற்பனை அதுவரை நிற்க வேண்டியதில்லை.